பாடும் பணியும்: பண்டித ரமாபாயின் பஞ்ச நினைவுகள்

ஏப்ரல் 5, பண்டித ரமாபாய் (1858–1922) மறைந்த நாள். ஒவ்வோர் ஆண்டும் இந்நாளையொட்டி அவரைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளை வாசிக்கும்போது, அவை பெரும்பாலும் இரண்டு அச்சுகளில் வார்க்கப்பட்டிருப்பதைக் காண்கிறேன். திருச்சபை சார்ந்த குறிப்புகள், கடவுள் அவரைத் துன்பத்தில் புடமிட்டுத் தம் கருவியாக்கினார் என்று சொல்லி நிறைவடைகின்றன. சீர்திருத்த வரலாறு சார்ந்த குறிப்புகளோ, அவருடைய பெண்கல்விப் பணியை விரிவாகப் போற்றிவிட்டு, அவருடைய சமய நம்பிக்கையை ஒரு தனிப்பட்ட விவகாரமாக ஒதுக்கிவிடுகின்றன. முதல் வகைக் குறிப்புகளில் பஞ்சம் ஒரு முன்கதையாகச் சுருங்குகிறது. இரண்டாம் வகையில் நம்பிக்கை ஒரு பின்குறிப்பாகச் சுருங்குகிறது. இவ்விரண்டையும் சேர்த்து வைத்து வாசித்தாலன்றி ரமாபாய் விளங்கமாட்டார் என்பது என் கருத்து. அதை இயன்றவரை சுருக்கமாக இங்கே முன்வைக்கிறேன்.

ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே, சித்பாவன் பிராமணர். சம்ஸ்கிருதப் புலமை மிக்கவர். இளமையில் புணேயில் தம் ஆசிரியர் பேஷ்வாவின் மனைவிக்குச் சம்ஸ்கிருதம் கற்பித்ததைக் கண்டு, தாமும் தம் மனைவிக்குக் கற்பிக்க வேண்டும் என்று உறுதி கொண்டவர். இரண்டாம் மனைவி இலட்சுமிபாய்க்கு அவர் அம்மொழியைக் கற்பித்தது சமூகத்தின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அவர் ஊரை விட்டு விலகி, துங்கையும் பத்திரையும் தோன்றும் கங்காமூலக் காட்டில் குடில் அமைத்துக்கொண்டார். 1858 ஏப்ரலில் ரமாபாய் பிறந்தது அக்காட்டில்தான். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, கடன் சுமையால் குடும்பம் அக்குடிலையும் விட்டு வெளியேறியது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர்களுக்கு நிலையான வீடு கிடையாது. கோயில் வாசல்களிலும் தீர்த்தக் கரைகளிலும் புராணம் வாசித்து, கேட்போர் தரும் காணிக்கையில் வாழ்ந்தனர். தந்தை முதுமையுற்றிருந்ததால் மகளுக்குக் கற்பித்தவர் தாய். பாகவத புராணத்தைச் சிறுவயதிலேயே மனப்பாடமாக அறிந்திருந்தவர் ரமாபாய்.

1870களில் தென்னாட்டில் பஞ்சம் பரவியபோது இக்குடும்பம் அதில் நேரடியாகச் சிக்கியது. இருந்த பொருளையெல்லாம் தானத்துக்கும் வழிபாட்டுக்கும் செலவிட்டிருந்தனர். உடலுழைப்பு செய்து பிழைக்கச் சாதிப் பெருமை இடம் தரவில்லை, செய்யவும் தெரியவில்லை. பிச்சை கேட்கவும் நா எழவில்லை. ஒரு கட்டத்தில், ஊராரின் கண்ணுக்கு மறைவாக இறந்துவிடலாம் என்று திருப்பதிப் பக்கத்துக் காட்டுக்குள் சென்றனர். பதினொரு நாள் தண்ணீரும் இலைகளும் காட்டு ஈச்சம்பழமுமே உணவு. தந்தை நீரில் மூழ்கி உயிர்விட ஆயத்தமானார். பிள்ளைகளை ஒவ்வொருவராக அணைத்து விடைபெற்றார். கடைசி மகளான ரமாபாயிடம், தன்னைக் கடவுளின் கையில் ஒப்படைத்துவிட்டதாகவும், அவருக்கே வாழ்நாள் முழுதும் தொண்டு செய்ய வேண்டும் என்றும் கூறினார். அப்போது அண்ணன் சீனிவாச சாஸ்திரி குறுக்கிட்டு, சாதிப் பெருமையை விட்டுவிட்டுக் கூலி வேலை செய்தாவது பெற்றோரைக் காப்பாற்றுவதாகச் சொன்னார். அந்த முடிவு காலங்கடந்து வந்தது. தந்தை சில நாட்களில் இறந்தார். தாயும், பின்னர் அக்காளும் அடுத்தடுத்து இறந்தனர்.

தாயின் கடைசி நாட்களைப் பற்றி ரமாபாய் எழுதியவற்றில் இரண்டு செய்திகள் மறக்க முடியாதவை. காய்ச்சலில் கிடந்த தாய்க்காக ஒரு பிராமண வீட்டுக்குச் சென்று உணவு கேட்க முயன்றபோது, அவருக்குச் சொல் எழவில்லை, கண்ணீர்தான் வந்தது. அவ்வீட்டுப் பெண் கொடுத்த கம்பு ரொட்டியைக் கொண்டு வந்தபோது, அதை உண்ணும் நிலையில் தாய் இல்லை. இரண்டாவது செய்தி, தாயின் இறுதி ஊர்வலம். பாடை தூக்க ஆள் கிடைக்கவில்லை. இரக்கப்பட்டு வந்த இரண்டு பிராமணர்களோடு அண்ணனும் ரமாபாயுமே பாடையைச் சுமந்தனர். சுடுகாடு மூன்று மைல் தொலைவில் இருந்தது. உயரம் குறைந்தவராதலால் தோளில் தாங்க இயலாமல், பாடையின் ஒரு முனையை அவர் தலையில் சுமக்க வேண்டியதாயிற்று.

எஞ்சிய அண்ணனும் தங்கையும் நாடு முழுதும் நடந்தனர். அவர் கணக்குப்படி நாலாயிரம் மைலுக்கும் மேல். ஜீலம் ஆற்றங்கரையில் குளிர் தாங்காமல், மணலில் சவக்குழி போல் இரண்டு குழிகள் தோண்டி, தலை மட்டும் வெளியே தெரிய மணலைப் போர்த்திக்கொண்டு இரவைக் கழித்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். 1878-இல் கல்கத்தா வந்தபோது அந்நகரத்துப் பண்டிதர்கள் அவருடைய புலமையை வியந்து ‘பண்டித’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை அளித்தனர். 1880-இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில், பிராமணரல்லாத வங்காள வழக்கறிஞர் பிபின் பிகாரி தாஸ் மேதாவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1881-இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் கணவர் காலராவில் மாண்டார். அப்போது ரமாபாய்க்கு வயது இருபத்து மூன்று.

இவ்வளவு துன்பமும் அவரைக் கிறித்தவத்துக்குத் தள்ளியது என்று எழுதுவது எளிது. ஆனால் சான்றுகள் அவ்வாறு சொல்லவில்லை. சில்சரில் கணவரின் புத்தகங்களிடையே லூக்கா சுவிசேஷத்தின் வங்காளப் பிரதி ஒன்றைக் கண்டு அவர் ஆர்வம் கொண்டது உண்மை. எனினும் கணவர் இறந்தபின் அவர் சென்றது திருச்சபைக்கல்ல, புணேக்கு. அங்கே ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். ‘ஸ்திரீ தர்ம நீதி’ என்னும் மராத்தி நூலை எழுதினார். 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்து, பெண் மருத்துவர்களும் பெண் ஆசிரியர்களும் தேவை என்று வாதிட்டார். 1883-இல் இங்கிலாந்து சென்றதும் மருத்துவம் படிப்பதற்காகத்தான். செவிப்புலன் குன்றிவந்ததால் அக்கனவு கலைந்தது. உடன் சென்ற தோழி ஆனந்திபாய் பகத் வாண்டேஜ் நகரில் தற்கொலை செய்துகொண்டார். அந்த அதிர்ச்சிக்குப் பின், அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றார்.

தம்மை அசைத்தது எது என்று அவர் பின்னாளில் கூறும் காரணம் கவனிக்கத்தக்கது. இலண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில், சமூகம் ‘வீழ்ந்தவர்’ என்று ஒதுக்கிய பெண்களுக்கான காப்பகத்தை வாண்டேஜ் கன்னியர் அவருக்குக் காட்டினர். அப்பெண்களுக்குத் தண்டனையை மட்டுமே விதித்த உலகைத்தான் அவர் அதுவரை அறிந்திருந்தார். அவர்களைப் பேணுவதற்கென்றே சிலர் வாழ்வைக் கொடுத்திருப்பதன் காரணத்தைக் கேட்டபோது, யோவான் நற்செய்தியில் வரும் சமாரியப் பெண்ணின் கதை விடையாகக் கிடைத்தது. ஆக, அவரைக் கவர்ந்தது தம் துயரத்துக்கு ஒரு விளக்கம் கிடைத்ததல்ல. பிறர் துயரத்தின் முன் மனிதர் எவ்வாறு நடந்துகொள்ளக்கூடும் என்பதற்கு ஒரு முன்மாதிரி கிடைத்ததே. 1887-இல் வெளிவந்த ‘உயர்சாதி இந்துப் பெண்’ என்னும் ஆங்கில நூலில், கைம்மை முற்பிறவிக் குற்றத்தின் தண்டனை என்று கற்பிக்கப்படுவதை அவர் ஏன் அவ்வளவு கடுமையாகத் தாக்கினார் என்பதும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. துன்புறுபவரையே துன்பத்துக்குப் பொறுப்பாக்கும் எந்த விளக்கத்தையும் அவரால் ஏற்க முடியவில்லை.

புதிய சமயத்திலும் அவர் தலை வணங்கிப் போகவில்லை. சிலுவையில் இலத்தீன் வாசகம் எதற்கு, சம்ஸ்கிருதத்தைவிட இலத்தீனில் என்ன சிறப்பு என்று கேட்டார். திரித்துவக் கோட்பாட்டைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். ஆண் மாணவருக்கு அவர் கற்பிக்கலாகாது என்று பேராயர்கள் தடுத்தபோது எதிர்த்து எழுதினார். தம் ஞானத்தாயான கன்னியர் ஜெரால்டினோடு அவர் நடத்திய கடிதப் போராட்டம், பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியச் சமய வரலாற்றின் முக்கிய ஆவணங்களுள் ஒன்று. மதமாற்றத்தை மனச்சான்றின் எதிர்ப்பாக வாசிக்கும் கௌரி விசுவநாதனின் ஆய்வுக்கு ரமாபாய் மையமான எடுத்துக்காட்டாக அமைந்தது தற்செயலன்று.

இனி, பஞ்சத்துக்கு வருவோம். அமெரிக்காவில் திரட்டிய ஆதரவோடு நாடு திரும்பி, 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது புணேக்கு மாறியது. உயர்சாதி இளம் விதவைகளுக்கான அவ்விடுதியில் சமய நடுநிலை விதியாக இருந்தது. சாதி ஆசாரங்களைக் காக்கவும் வசதி இருந்தது. ஆனால் ரமாபாயின் தனி வழிபாட்டறைக் கதவு மூடப்பட்டிருக்கவில்லை. மாணவியர் சிலர் அங்கு வந்து அமரலாயினர். 1893-இல் இது பெரும் சர்ச்சையாக வெடித்தது. திலகரின் ‘கேசரி’ கடுமையாகத் தாக்கியது. ரானடே, பண்டார்கர் உள்ளிட்ட ஆலோசனைக் குழுவினர் விலகினர். பெற்றோர் பலர் தம் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். சீர்திருத்த உலகின் கொண்டாட்டத்துக்குரியவராக இருந்த ரமாபாய், அதன்பின் அவ்வுலகின் வரலாற்றிலிருந்தே மெல்ல மெல்ல அகற்றப்பட்டதை உமா சக்கரவர்த்தி விரிவாகக் காட்டியுள்ளார்.

அத்தனிமையின் நடுவே 1896–97 பஞ்சம் வந்தது. மத்திய மாகாணங்களில் பெண்கள் படும் பாட்டைக் கேள்வியுற்ற ரமாபாய் நேரில் சென்றார். நிவாரண முகாம்களையும் ஏழை விடுதிகளையும் பார்த்தார். பட்டினியில் தவிக்கும் சிறுமியரைத் தரகர்கள் கவர்ந்து செல்வதைக் கண்டார். ஏறத்தாழ 300 பேரை மீட்டு அழைத்துவந்தார். புணேயில் பிளேக் பரவியிருந்ததால் புதியவர்களை அங்கு வைத்துக்கொள்ள அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. எனவே, கேட்காவ் என்னும் சிற்றூரில் தாம் முன்னரே வாங்கியிருந்த பழத்தோட்ட நிலத்தில் கொட்டகைகள் அமைத்து அவர்களைத் தங்கவைத்தார். ‘முக்தி’ பிறந்தது இவ்வாறுதான். 1900-இல் குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கு வாழ்ந்தோர் தொகை ஏறத்தாழ 2,000.

இவ்வாண்டில்தான், 1897-இல், தம் இளமைக்காலப் பஞ்ச அனுபவங்களை அவர் விரிவாக எழுதினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக உள்ளே கிடந்த நினைவு, முகாம்களில் கண்ட முகங்களால் வெளிவந்தது. இந்தக் கால வரிசை மிக முக்கியமானது. தம் பட்டினிக்கு ஒரு பொருள் உண்டு என்று முதலில் தெளிந்து, பிறகு அதற்கேற்ப ஒரு பணியை அவர் தேர்ந்துகொள்ளவில்லை. மத்திய மாகாணங்களுக்குச் சென்றார். பழைய பட்டினி அங்கே அவரை எதிர்கொண்டது. காட்டில் மறைந்து இறக்கத் துணிந்த ஒரு குடும்பத்தின் வெட்கத்தை அறிந்தவருக்கு, கேட்கவும் நா எழாமல் சாகும் பெண்ணை அடையாளம் காண முடிந்தது. பட்டினியின் வலியைப் பலர் எழுதியுள்ளனர். பட்டினியில் கிடக்கும் மானத்தை இவ்வளவு துல்லியமாக எழுதியவர் சிலரே.

1907-இல் அவர் எழுதிய சாட்சியில் இதே நிகழ்வுகள் வேறொரு ஒளியில் வருகின்றன. தந்தை காட்டில் ஒப்படைத்த அந்தக் கடவுள், தாம் பின்னர் அறிந்துகொண்ட மெய்க்கடவுளே என்றும், அறியாமலே சொல்லப்பட்ட அம்மன்றாட்டு கேட்கப்பட்டது என்றும் அவர் எழுதுகிறார். இடையில், ஞானஸ்நானத்துக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், தமக்குக் கிறித்தவ மதம் கிடைத்திருந்ததே தவிர கிறிஸ்து கிடைத்திருக்கவில்லை என்ற உணர்வும் அதைத் தொடர்ந்த உள்மாற்றமும் அவருக்கு நேர்ந்திருந்தன. 1905-இல் முக்தியில் பெரும் எழுப்புதலும் நிகழ்ந்திருந்தது. ஆகவே 1907-இன் நூலை 1870களின் நேரடிப் பதிவாக வாசிப்பது பிழை. சாட்சி என்னும் எழுத்து வகைக்கு உரிய வடிவம் உண்டு: எல்லாத் துயரமும் ஒரு முடிவை நோக்கி நகர்ந்ததாகவே அது காட்டும். அதனாலேயே அதைப் பொய்யென ஒதுக்குவதும் பிழை. ஒருவர் தம் வாழ்வைப் பின்னோக்கி வாசித்து அதில் ஓர் இழையைக் காண்பதும் வரலாற்றுச் செயலே. அவ்வாறு வாசிக்கும்போது ரமாபாய் தம் தந்தையை இருளில் இருந்தவராக இகழவில்லை. அவருடைய கடைசி வேண்டுதலைத் தம் நம்பிக்கையின் வேராக ஏற்றுக்கொண்டார்.

துன்பத்துக்கு நம்பிக்கை பொருள் தரும்போது, அது அநீதியின் மீதான கோபத்தைத் தணித்துவிடாதா என்பது வகுப்பறைகளில் அடிக்கடி எழும் கேள்வி. நியாயமான கேள்வி. ரமாபாயைப் பொறுத்தவரை விடை 1897-இலேயே உள்ளது. கடவுளின் வழிநடத்துதல் பற்றி எழுதிய அதே ஆண்டில், புணே பிளேக் மருத்துவமனையில் பெண்கள் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்து அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது. பம்பாய் ஆளுநர் குற்றச்சாட்டை மறுத்தார், ரமாபாய் பின்வாங்கவில்லை. கிறித்தவ அரசு என்று தன்னை எண்ணிக்கொண்ட ஆட்சியை, ஒரு கிறித்தவப் பெண் பொதுவெளியில் குற்றஞ்சாட்டினார். பஞ்சத்தைக் கடவுளின் பாடமாக ஏற்று அமைதியடைந்தவரிடமிருந்து இக்கடிதம் பிறந்திராது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட சிறுமியருள் பலர் முக்தியில் ஞானஸ்நானம் பெற்றனர். உயிர் காத்தவரின் சமயத்தை ஏற்பதில் ஒரு குழந்தைக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்திருக்கும் என்ற கேள்வியை அக்கால எதிர்ப்பாளர்கள் எழுப்பினர். இன்றைய ஆய்வாளரும் எழுப்பியாக வேண்டும். முக்தியைப் பற்றிய ஆவணங்களில் ரமாபாயின் குரல் தெளிவாகக் கேட்கிறது. மீட்கப்பட்டவர்களின் குரல் பெரும்பாலும் நன்றியுரையாக மட்டுமே கேட்கிறது. தம் மனச்சான்றின் உரிமைக்காகப் பேராயர்களோடு போரிட்டவரின் நிறுவனத்தில் பிறருடைய மனச்சான்றுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பது இன்னும் ஆராயப்பட வேண்டிய பொருள்.

ஆனால் பஞ்சம் செய்த ஒரு மாற்றத்தை மறுக்க இயலாது. உயர்சாதி விதவைகளுக்காகத் தொடங்கிய பணி, 1897-க்குப் பின் எல்லாச் சாதிப் பெண்களுக்கும் உரியதாயிற்று. கேட்காவில் உழவும் நெசவும் எண்ணெய் ஆட்டுதலும் பால்பண்ணையும் அச்சுக்கோப்பும் பெண்களின் தொழில்களாயின. பார்வையற்றோர்க்கும் முதியோர்க்கும் கைவிடப்பட்டோர்க்கும் தனித்தனி இல்லங்கள் எழுந்தன. உடலுழைப்பைத் தாழ்வெனக் கருதியதால் ஒரு குடும்பம் அழிந்ததை நேரில் கண்டவர், உழைப்பையே அறமாகக் கொண்ட ஒரு சமூகத்தைக் கட்டினார் என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அண்ணன் காட்டில் காலங்கடந்து எடுத்த முடிவை, தங்கை ஈராயிரம் பேருக்குக் காலத்தே கிடைக்கச் செய்தார் எனலாம்.

அவருடைய கடைசிப் பெரும்பணி விவிலிய மொழிபெயர்ப்பு. புலவருக்கே விளங்கும் சம்ஸ்கிருத நடை நீக்கி, கிராமத்துப் பெண்ணுக்கு விளங்கும் எளிய மராத்தியில் வேதாகமம் வேண்டும் என்று விரும்பினார். அதற்காகவே எபிரெயமும் கிரேக்கமும் கற்றார். ‘சரஸ்வதி’ பட்டம் பெற்ற சம்ஸ்கிருதப் பண்டிதை, தமக்குப் பெருமை தந்த மொழியின் சாயலைத் தாமே களைந்தெடுத்தது சிறிய துறவன்று. முக்தியின் பெண்களே அச்செழுத்துக் கோத்தனர். 1921-இல், தமக்குப்பின் பொறுப்பேற்பாள் என்று நம்பியிருந்த மகள் மனோரமாவை இழந்தார். அதன் பிறகும் பணி நிற்கவில்லை. 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் மறைந்தார். வேதாகமம் 1924-இல் வெளிவந்தது.

தமிழில் ‘பாடு’ என்னும் சொல்லுக்குத் துன்பம் என்றும் உழைப்பு என்றும் பொருள். கிறிஸ்துவின் பாடுகள் என்கிறோம். நிலத்தில் பாடுபட்டான் என்றும் சொல்கிறோம். ரமாபாயின் வாழ்வைப் படிக்கும்போது இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் ஏன் கூடின என்பது ஓரளவு விளங்குகிறது. பஞ்சம் ஏன் வந்தது என்ற கேள்விக்கு அவர் நம்பிக்கை தந்த விடையை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். பஞ்சம் வந்தபின் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது தந்த விடை கேட்காவில் கொட்டகைகளாகவும் நெசவுத் தறிகளாகவும் அச்சுக்கூடமாகவும் நின்றது. கம்பு ரொட்டியோடு காலந்தாழ்ந்து வந்து சேர்ந்த ஒரு மகள், பிற்காலத்தில் பிறர் பசிக்குக் காலந்தாழ்த்த மறுத்தாள். ஆண்டுதோறும் அவர் நினைவுநாளில் எழுதுவோர், புடமிட்ட பொன் என்னும் உவமைக்கு முன் இந்த ரொட்டித் துண்டையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.